கால் நனையும் முன்: கடலில் இறங்குவதற்கும் கரையோர வெள்ளத்தை எதிர்கொள்வதற்கும் முழுமையான வழிகாட்டி

கடலுக்குப் புதியவர்கள் குழுவாக வந்தால் பையை மணலில் போட்டுவிட்டு நேரே தண்ணீருக்கு ஓடுகிறார்கள். எங்கே இறங்குவது, பிள்ளைகளை யார் பார்ப்பது, ஒருவர் இழுபட்டால் யார் என்ன செய்வது ஆகிய கேள்விகள் இடுப்பளவு நீரில் நிற்கும்போதுதான் எழுகின்றன. அங்கே யோசிக்க நேரம் கிடைக்காது. வெள்ள எச்சரிக்கை வரும்போதும் இதே கோளாறுதான்: தண்ணீர் வாசலைத் தொட்ட பிறகு கிளம்பலாமா என்று பேசத் தொடங்குகிறார்கள். எனவே இங்கே படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். முதல் ஐந்து படிகளும் உலர்ந்த காலோடு முடிக்க வேண்டியவை.

1. புறப்படும் முன்: அலை, காற்று, ஓதம்

கடல் முன்னறிவிப்பில் முதலில் அலை உயரத்தைப் பாருங்கள். அங்கே தரப்படும் எண், வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. 1 மீட்டர் என்று போட்டிருந்தால் அவ்வப்போது ஏறக்குறைய 2 மீட்டர் அலையும் வரும். பலர் அந்த எண்ணை உச்ச வரம்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் தவறு வீட்டிலேயே நடந்துவிடுகிறது.

அடுத்தது அலைகளுக்கு இடையிலான நொடிக்கணக்கு. பக்கத்துக் காற்று எழுப்பும் அலைகள் சில நொடிகளுக்கு ஒன்றாக வரும். 12 நொடிக்கு மேல் என்றால் எங்கோ தொலைதூரப் புயலில் பிறந்த அலை வந்துகொண்டிருக்கிறது. உயரம் குறைவாகத் தெரிந்தாலும் அதில் நீர் அதிகம். மணலில் வெகுதூரம் ஏறும். வானம் தெளிவாக இருக்கும் நாளில் கடல் திடீரெனக் கரையேறுவது பெரும்பாலும் இதனால்தான். இந்தியாவின் தென்மேற்குக் கரையில் கள்ளக்கடல் எனப்படுவது இந்த வகை: தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழும் அலைகள் நாள்கணக்கில் பயணித்து, உள்ளூரில் எந்த அறிகுறியும் இல்லாமல் வந்து சேருகின்றன.

ஓதம், அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி வற்றும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேற்றைய நேரம் இன்றைக்குப் பொருந்தாது. ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். வற்றத்தின்போது நடந்துபோன பாறைக்கும் மணல்திட்டுக்கும் திரும்பி வர வழி இருக்குமா என்பதை இந்த அட்டவணைதான் சொல்லும்.

காற்றின் திசையில் ஓர் ஏமாற்று உண்டு. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று கரையோர நீரைத் தட்டையாக்கிக் காட்டும். அந்த அமைதியை நம்பிக் காற்றடைத்த மிதவையோடு இறங்குபவரை அதே காற்று வெளிக்கடலுக்குத் தள்ளும். கடற்கரையில் காற்றடைத்த டியூபைப் பாதுகாப்புக் கருவியாக எண்ணவே கூடாது என்பது என் கருத்து. உடலுக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் வேறு, அது வேறு.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை: மிதக்கும் பொருள் ஒன்று, நீளமான கயிறு, விசில், சார்ஜ் உள்ள தொலைபேசி. நிற்கும் இடத்தின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவசர எண்ணை அழைத்துவிட்டு எந்த இடம் என்று சொல்லத் தெரியாமல் திணறுவது அடிக்கடி நடப்பது.

2. உயரத்தில் நின்று பதினைந்து நிமிடம் பாருங்கள்

மணல்மேடு, படிக்கட்டு, கடலோரச் சாலை என எது கிடைத்தாலும் அதில் ஏறி நில்லுங்கள். தரைமட்டத்திலிருந்து பார்த்தால் முன்னால் உடையும் அலை பின்னாலிருப்பதை மறைத்துவிடும்.

பதினைந்து நிமிடம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். சில பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து உடையும். பிறகு பல நிமிடங்கள் ஓய்வு. அந்த ஓய்வில் கடலைப் பார்த்தவர் கடல் அமைதியாக இருக்கிறது என்று முடிவுசெய்து இறங்குவார். அடுத்த கூட்டம் வரும்போது ஆழத்தில் நிற்பார். பாறை மீது நின்று படம் எடுப்பவர்களை அலை வாரிக்கொண்டுபோவதும் இப்படித்தான். பாறை ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் என்றால் சற்றுமுன் அலை அங்கே வந்துபோயிருக்கிறது.

3. அலை உடையாத இடைவெளியைத் தேடுங்கள்

இந்தப் படியில்தான் புதியவர்களின் கண் அவர்களை நேர்மாறாக வழிநடத்துகிறது. நுரை பொங்கும் இடத்தைக் கண்டு அஞ்சி, இரண்டு நுரைப் பகுதிகளுக்கு நடுவே அமைதியாகத் தெரியும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலும் அதுதான் ரிப் கரண்ட் எனப்படும் இழுவை நீரோட்டம்.

அலை உடையும்போது நீர் கரைப்பக்கம் வந்து குவிகிறது. குவிந்த நீர் திரும்பியாக வேண்டும். மணல்திட்டுகளுக்கு நடுவே ஆழமான பள்ளம் இருந்தால் அதன் வழியாகக் குறுகலாகவும் வேகமாகவும் கடலுக்குள் ஓடும். ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடைவதில்லை. கடலின் வடிகால் வாயில்தான் அமைதியான இடமாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

அடையாளங்கள்: பக்கத்து நீரைவிடக் கருத்த பட்டை, அலைவரிசை அறுபட்டு நிற்கும் இடம், நுரையோ பாசியோ கலங்கிய மணலோ கரையை விட்டு வெளியே நகர்வது, சுற்றிலும் இல்லாத சிறு நெளிவு நீர்ப்பரப்பில் தெரிவது. எல்லாம் ஒன்றாகத் தெரியாது. ஒன்று தெரிந்தாலே விலகுங்கள். அலைதடுப்புச் சுவர், படகுத்துறை, பாறைமுனை ஆகியவற்றின் ஓரத்தில் எந்த அடையாளமும் தெரியாவிட்டாலும் நீரோட்டம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். கரையோரமாக ஓடும் நீர் அங்கே முட்டி வெளியே திரும்பும். ஆற்று முகத்துவாரமும் அப்படியே. பெருமழைக்குப் பிறகு அங்கே சாக்கடை நீரும் சேர்ந்து வரும் என்பதால் இரண்டு மூன்று நாள் தவிர்ப்பது நல்லது.

இதன் வேகம் பல நேரங்களில் நடைவேகத்துக்கும் குறைவு. ஆனால் விநாடிக்கு 2.5 மீட்டர் வரைகூட எட்டக்கூடும். 100 மீட்டர் நீச்சலில் உலகச் சாதனை படைத்தவரின் சராசரி வேகமே விநாடிக்கு 2.2 மீட்டருக்குக் கீழேதான். நன்றாக நீந்துவேன் என்ற நம்பிக்கை இங்கே எவ்வளவு உதவும் என்பதை அதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நேற்று பாதுகாப்பாக இருந்த இடம் இன்றும் அப்படியே இருக்கும் என்று எண்ணவேண்டாம். மணல்திட்டு நகரும்; பள்ளமும் நகரும். பல கரைகளில் வற்றத்தை ஒட்டி இழுப்பு வலுக்கும், ஏனெனில் நீர் குறையும்போது திரும்பும் வழி இன்னும் குறுகிவிடுகிறது. காலையில் பார்த்துவிட்டோம் என்று மாலையில் நேரே இறங்காதீர்கள்.

4. கொடியையும் பலகையையும் படியுங்கள்

பல நாடுகளில் வழங்கும் முறை இது: மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக உள்ள இரண்டு கொடிகளுக்கு நடுவே உயிர்காப்பாளர்களின் கண்காணிப்பு உண்டு. மஞ்சள் மிதமான ஆபத்து. சிவப்பு கடும் ஆபத்து. இரட்டைச் சிவப்பு என்றால் யாரும் இறங்கக் கூடாது. ஊதா, கடல்வாழ் உயிரினங்களால் ஆபத்து என்பதைக் குறிக்கும். இடத்துக்கு இடம் சிறு வேறுபாடு இருக்கும். சில கரைகளில் ஒற்றைச் சிவப்பே முழுத் தடை. அங்குள்ள பலகை சொல்வதே இறுதி.

கொடியே இல்லாத கரை பாதுகாப்பான கரை என்று பொருளல்ல. பார்த்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

5. பொறுப்பைப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொடுங்கள்

எல்லாரும் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லும் குழுவில் யாரும் பார்ப்பதில்லை. இத்தனை நிமிடத்துக்கு இன்னார் என்று பெயர் சொல்லுங்கள். முறை மாறும்போது வாய்விட்டுச் சொல்லி ஒப்படையுங்கள். பார்ப்பவர் கையில் தொலைபேசி கூடாது. அவர் மது அருந்தியிருக்கக் கூடாது. சிறு குழந்தைக்கு நீரோரத்தில் எட்டிப் பிடிக்கும் தூரமே எல்லை.

நீரில் மூழ்குபவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று காத்திருக்காதீர்கள். மூச்சு வாங்கவே வாய் போதாதபோது கூவ முடியாது. கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருக்கும். தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்கும், உடல் செங்குத்தாக நிற்கும், முன்னேற்றம் இருக்காது. ஒரு நிமிடத்துக்குள் இது முடிந்துவிடலாம். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென ஓசையடங்கினால் அதுவே எச்சரிக்கை.

6. இறங்கும் முறை

தனியாக இறங்காதீர்கள். கரையில் எளிதில் தெரியும் ஓர் அடையாளத்தைத் தேர்ந்து, அதற்கு நேராகவே இருக்கிறீர்களா என்று அடிக்கடி திரும்பிப் பாருங்கள். கரையோர நீரோட்டம் உங்களைப் பக்கவாட்டில் நகர்த்தி, விலக்கி வைத்த பள்ளத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். நகர்வது உங்களுக்குத் தெரியாது.

தலைகீழாகப் பாயாதீர்கள். மணல்திட்டு எங்கே இருக்கிறது என்பது மேலிருந்து தெரியாது. கழுத்தெலும்பு முறிவதற்கு அது போதும். அலை நேராக மணலில் விழுந்து நொறுங்கும் செங்குத்துக் கரைகளில் முழங்கால் நீரில் நிற்பதுகூட ஆபத்து. அலை ஆளைத் தூக்கித் தரையில் அறையும், திரும்பும் நீர் காலடி மணலை அரித்துக்கொண்டுபோகும். அத்தகைய கரையில் பார்த்துவிட்டு வருவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நீண்டு தொங்கும் ஆடையும் கனமான கால்சட்டையும் நனைந்தால் கையையும் காலையும் கட்டிப்போடும். கால் மட்டும் நனைக்கப்போகிறேன் என்று சொல்லி இறங்குபவர்கள்தான் பெரும்பாலும் இப்படி உடுத்தியிருப்பார்கள்.

7. இழுபட்டால்

இழுவை நீரோட்டம் ஆளை அடியில் இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகிறது. அலை உடையும் எல்லையைத் தாண்டியதும் பொதுவாக அதன் வலு குறையும். மக்கள் இறப்பது கரையை நோக்கி அதை எதிர்த்து நீந்திக் களைத்துப்போவதால். ஆகவே முதல் செயல், நீந்துவதை நிறுத்துவது. தலையைப் பின்னால் சாய்த்து, காதுகள் நீரில் இருக்கும்படி மல்லாந்து மிதந்து மூச்சை ஒழுங்காக்குங்கள். பிறகு ஒரு கையை உயர்த்திக் கூவுங்கள்.

அதன் பின் என்ன செய்வது என்பதில் ஒரே விடை இல்லை. கரைக்கு இணையாக நீந்து என்பது பழைய அறிவுரை. ஜிபிஎஸ் பொருத்திய மிதவைகளை நீரோட்டத்தில் விட்டுப் பார்த்த ஆய்வுகளில், பல மிதவைகள் வட்டமடித்து ஆழம் குறைந்த பகுதிக்கே திரும்பின, சில வெளியேறிவிட்டன. ஆகவே மூச்சு சீரானதும் அலை எங்கே உடைகிறது என்று பாருங்கள். நுரை உள்ள பக்கம் ஆழம் குறைவு. அந்தப் பக்கமாக நிதானமாக நகருங்கள். நகர முடியாமல் நீர் எதிர்த்தால் அடுத்த பக்கம் திரும்புங்கள். இரண்டும் முடியாவிட்டால் மிதந்துகொண்டே உதவிக்குக் காத்திருங்கள். நுரைப்பகுதிக்கு வந்துவிட்டால் அலையே கரைப்பக்கம் தள்ளும்.

8. மற்றவர் இழுபட்டால்

காப்பாற்றப் பாய்ந்தவரும் சேர்ந்து மூழ்குவது கடற்கரைகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. அச்சத்தில் இருப்பவர் கைக்குக் கிடைத்ததை அழுத்தி மேலே வரப் பார்ப்பார். அது உங்கள் தோளாக இருக்கக் கூடாது.

ஒருவர் உயிர்காப்பாளரை அழைக்கட்டும் அல்லது அவசர எண்ணுக்குப் பேசட்டும். இன்னொருவர் இழுபட்டவர் மீதே கண்ணை வைத்து, கையை நீட்டிச் சுட்டிக்கொண்டே நிற்கட்டும். பார்வை விலகினால் அலைகளுக்கு நடுவே தலையை மீண்டும் கண்டுபிடிப்பது கடினம். மூன்றாமவர் மிதக்கும் எதையாவது எறியட்டும். மூடிய காலிக் கேன்கூட உதவும். மிதந்து கொண்டிரு, உதவி வருகிறது என்று விடாமல் சொல்லுங்கள். பயிற்சி பெற்றவரானாலும் மிதவை இல்லாமல் இறங்கவேண்டாம்.

9. கரைக்குக் கொண்டுவந்த பின்

வயிற்றை அழுத்தாதீர்கள், தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். நீரை வெளியேற்றுவதாக எண்ணிச் செய்யும் இந்த வேலைகள் நேரத்தை வீணாக்கும்; வயிற்றில் உள்ளது மூச்சுக்குழாயில் ஏறவும் கூடும்.

மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மூச்சு இல்லையென்றால் உடலுக்குத் தேவை பிராணவாயு. ஆகவே இங்கே வாயோடு வாய் வைத்து ஊதுவது முதலில். ஐரோப்பிய வழிமுறையில் தொடக்கத்தில் 5 முறை, அமெரிக்க வழிமுறையில் 2 முறை. பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என மாறி மாறி, உதவி வரும்வரை. அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120. பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழமாவது அழுந்தவேண்டும். ஊதத் தெரியாதவர் அழுத்துவதையாவது நிறுத்தாமல் செய்யட்டும்.

எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். நுரையீரலில் புகுந்த நீரால் மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்துக் கடுமையாகலாம்.

10. கரையோர வெள்ளம்: வீட்டின் உயரத்தை இப்போதே அறியுங்கள்

இனி நீர் உங்களைத் தேடி வரும் சூழல். புயல் எழுச்சி என்பது பெரிய அலை அல்ல. கடல்மட்டமே உயர்ந்து நிலத்துக்குள் வருவது. அலைகள் அதன் மேல் தனியாக ஏறி வரும். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் ஏறத்தாழ 1 செ.மீ. உயரும், ஆக, 50 குறைந்தாலும் அரை மீட்டர்தான். மீதி மீட்டர்களை எல்லாம் கரைநோக்கி வீசும் காற்றுதான் குவிக்கிறது. கடலடி ஆழமில்லாமல் சரிந்து கிடக்கும் இடங்களில் குவிப்பு அதிகம். வங்காள விரிகுடாவின் வடமுனை அப்படிப்பட்டது. 1970 போலா புயலில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததற்கு எழுச்சி நீரே முக்கியக் காரணம்.

எச்சரிக்கையைக் கேட்டும் அது தனக்கானது என்று புரியாமல் இருப்பதுதான் இங்கே பெரிய இடறல். 2013 நவம்பரில் ஹையான் சூறாவளி பிலிப்பைன்ஸின் டாக்லோபன் நகரைத் தாக்கியபோது எழுச்சி பற்றிய முன்னறிவிப்பு இருந்தது. ஆனால் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று பலருக்குப் புரியவில்லை. மக்கள் ஒதுங்கியிருந்த மையங்கள் சிலவற்றிலும் நீர் புகுந்தது. ஆகவே அறிவிப்பில் மீட்டரைத் தேடுங்கள். எந்த மட்டத்துக்கு மேல் அந்த உயரம், ஓதம் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சேர்க்கப்படவில்லை என்றால் அந்த நேரத்து ஏற்றத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வாசல் வழக்கமான ஏற்றக் கோட்டுக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதோடு ஒப்பிடுங்கள். தொலைபேசிச் செயலி காட்டும் உயரம் சில மீட்டர் பிசகலாம். உள்ளாட்சி அலுவலக வரைபடம் மேல்.

11. சாலையின் தாழ்ந்த இடத்தை வைத்துக் கிளம்பும் நேரத்தை முடிவுசெய்யுங்கள்

வீட்டில் நீர் வரவில்லை, எனவே நேரம் இருக்கிறது என்ற கணக்கு தவறு. வெளியேறும் வழியில் உள்ள தாழ்வான பாலமும் பள்ளச் சாலையும் வீட்டுக்கு முன்பே மூழ்கிவிடும். அமைதியான ஒரு நாளில் அந்த வழியே போய், எந்த இடம் முதலில் மூழ்கும் என்று பாருங்கள். எச்சரிக்கை நாளில் உங்கள் கெடு அந்த இடத்துக்கு நீர் வரும் நேரம்; கிளம்புவது அதற்கு வெகுமுன். முதியவர்கள், நடக்க முடியாதவர்கள், கால்நடை உள்ள வீடு முதல் ஆளாகக் கிளம்பவேண்டும்.

ஓடும் நீரின் ஆழத்தைக் குறைத்து மதிப்பிடாதவரைக் காண்பது அரிது. 15 செ.மீ. வேகமான நீர் பெரியவரைச் சாய்க்கும். 30 செ.மீ. பல கார்களை நகர்த்தும். 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை அடித்துச்செல்லும். அடியில் சாலை இன்னும் இருக்கிறதா என்பது மேலிருந்து தெரியாது. நீர் நிற்கும் சாலையைக் கண்டால் திரும்புங்கள்.

மின் இணைப்பைத் துண்டிப்பது புறப்படும்போது, தரை உலர்ந்திருக்கையில். நீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடாதீர்கள். காகிதங்கள், மருந்து, குடிநீர் ஒரே பையில் முன்பே இருக்கட்டும். அன்று தேட உட்கார்ந்தால் கெடு போய்விடும்.

புயலின் நடுவே காற்று திடீரென நின்றால் வெளியே வராதீர்கள். புயலின் கண் எனப்படும் அமைதியான நடுப்பகுதி கடந்துகொண்டிருக்கலாம்; சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று அதே வலுவோடு வரும்.

12. நிலம் அதிர்ந்தாலோ கடல் உள்வாங்கினாலோ

சுனாமிக்கு வேறு விதி. கரையில் நிற்கும்போது நில அதிர்வு பலமாகவோ நீண்ட நேரமோ இருந்தால், கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், கடல் பக்கமிருந்து பேரிரைச்சல் கேட்டால் அறிவிப்புக்குக் காத்திருக்காதீர்கள். அதிர்வு அடங்கியதும் நடந்தே மேட்டுக்குப் போங்கள். கடல்மட்டத்துக்கு 30 மீட்டர் மேலே அல்லது 3 கிலோமீட்டர் உள்ளே என்பது நல்ல இலக்கு. அது இயலாவிட்டால் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மேல்தளம். உள்வாங்கிய கடலைப் பார்க்கவும் மீன் பொறுக்கவும் இறங்கியவர்களை 2004 டிசம்பர் 26 அன்று அடுத்த அலை வாரிக்கொண்டது. உள்வாங்காமலும் சுனாமி வரலாம்.

முதல் அலை பெரியதாக இருக்கவேண்டும் என்பதில்லை. 1960 மே மாதம் ஹவாயின் ஹீலோ நகரில் சைரன் ஒலித்தும் பலர் வெளியேறவில்லை. முதல் அலைகள் சிறிதாக இருந்ததால் ஆபத்து கழிந்தது என்று எண்ணியவர்களும் உண்டு. பின்னால் வந்த அலையில் 61 பேர் இறந்தனர். அலைகள் மணிக்கணக்கில் தொடரலாம். அதிகாரபூர்வ அறிவிப்பு வரும்வரை மேட்டிலேயே இருங்கள்.

13. திரும்பி வந்தபின்

அறுந்த மின்கம்பி கிடக்கும் நீருக்குள் கால் வைக்காதீர்கள். சுவரில் புதிய விரிசல், கடல் அரித்துத் தொங்கும் அடித்தளம் இருந்தால் உள்ளே நுழையவேண்டாம். வெள்ள நீரில் சாக்கடை கலந்திருக்கும். வெட்டுக்காயத்தோடு இறங்கினால் சீழ் பிடிக்கும்.

கிணற்றில் கடல்நீர் புகுந்திருந்தால் குளோரின் போட்டுக் குடிக்கலாம் என்பவர்கள் உண்டு. குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. கொதிக்கவைத்தாலும் அதே கதைதான், உப்பின் செறிவு கூடும். அவசரப்பட்டு மோட்டாரால் ஒரேயடியாக நீரை இறைத்தால் அடியிலிருந்து மேலும் உவர்நீர் ஏறவும் கிணற்றுச் சுவர் சரியவும் வாய்ப்புண்டு. சிறிது சிறிதாக இறைத்து, இடைவெளி விட்டுப் பாருங்கள். பரிசோதனையில் தேறும்வரை வெளியிலிருந்து வரும் குடிநீரையே பயன்படுத்துங்கள்.